சந்தேகத்துக்குத்தான் நேரம் அதிகம்

முழங்கால் போடும் பலகைக்கு மெத்தை தைத்துப் போட்டது நல்ல காரியம், ஃபாதர். வெறும் பலகையாக இருந்தபோது பையன்கள் பாதிப் பாவத்தை விழுங்கிவிட்டு எழுந்து ஓடினார்கள். பாவம் குறைவு என்பதால் அல்ல, முட்டி வலி. மெத்தை வந்த பிறகு ஒவ்வொருவனும் ஆற அமரப் பேசுகிறான். ஓரிடத்தில் சின்னதாக ஒன்றை மாற்றினால் அது எங்கெங்கே போய் எதையெல்லாம் அசைக்கிறது என்று பார்ப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். நான் சொல்ல வந்த விஷயமும் இந்த மெத்தையில்தான் தொடங்குகிறது.

பையன்கள் மெழுகு என்று கூப்பிடுகிறவனைப் பற்றித்தான். அவனுடைய அம்மா பெட்டியும் படுக்கையுமாகப் பார்வையாளர் அறையில் உட்கார்ந்திருக்கிறார். வண்டி வந்ததும் அவனைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். அதிபர் கடைசியாகச் சொன்னது பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும். "பையன் மனசு கலங்கிக் கிடக்கு. இது தானா வந்ததா, யாராவது கெடுத்ததான்னு தெரிஞ்சா நான் வேற மாதிரி யோசிப்பேன்." தானாக வந்ததில்லை, ஃபாதர். அதைச் சொல்லத்தான் வந்தேன். வண்டி வருவதற்குள் முடித்துவிடுவேன். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

முதல் வெள்ளிக்கிழமைதோறும் மேல்வகுப்புப் பையன்கள் எல்லோரும் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்பது இங்கே ஒழுங்கு. சிற்றாலய வராந்தாவில் வரிசை நிற்கும். முடித்தவன் மைதானத்துக்குப் போகலாம். முடிக்காதவன் பந்து உதைபடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்கலாம். வரிசை கலையாமல் பார்த்துக்கொள்ள அதிபர் என்னை நியமித்தார். நான் சத்தம் போடாதவன், பீடச்சிறுவர்களின் தலைவன், தூபக்கலசத்தில் கரியை எப்படி அடுக்கினால் பூசையின் நடுவில் புகை நின்றுபோகாது என்று அறிந்தவன். பையன்கள் எனக்கு மெக்கானிக் என்று பெயர் வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

மெத்தை வந்த மாதம் வரிசை நகரவே இல்லை. சும்மா நிற்பவனுக்கு யோசிப்பதைத் தவிர வேறு வேலை ஏது. பாவசங்கீர்த்தனத்தை நான் மனதுக்குள் பிரித்து வைத்துப் பார்த்தேன். சிலுவை அடையாளம், ஆசீர்வாதம், போன தடவை எப்போது வந்தேன் என்பது, பாவம், உங்கள் புத்திமதி, அபராதம், மனஸ்தாப மந்திரம், பாவமன்னிப்பு. இதில் மற்றதெல்லாம் எவனுக்கும் ஒரே அளவு. நீள்வதும் சுருங்குவதும் புத்திமதி ஒன்றுதான். அது ஆளைப் பொறுத்தது என்று முதலில் நினைத்தேன். இல்லை, பாவத்தைப் பொறுத்தது.

நான் ஒட்டுக்கேட்கவில்லை. அது பெரிய தப்பு. வெளியே வந்தவர்களிடம் விசாரித்தேன், அவ்வளவுதான். பொய் என்றால் உங்களுக்கு ஒரு வாக்கியம் போதும். தீனி ஆசை என்றால் சிரித்துவிடுகிறீர்கள், சிரிப்போடு முடிந்துவிடுகிறது. கெட்ட எண்ணம் என்றால் நீண்ட புத்திமதி கிடைக்கும் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள், ஆனால் அதில்தான் நீங்கள் கூச்சப்பட்டு இருமிவிட்டு நேராக அபராதத்துக்குப் போகிறீர்கள். அம்மா பேச்சைக் கேட்கவில்லை என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. உடனே உங்கள் அம்மா வந்துவிடுவார், அவருடைய கடைசிக் காலம் வரை கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க முடியும். குறை சொல்லவில்லை, ஃபாதர். எல்லா இயந்திரத்துக்கும் இப்படி ஒரு போக்கு உண்டு. தெரிந்துகொண்டால் வேலை சுலபம்.

பையன்களாகத்தான் முதலில் என்னிடம் வந்தார்கள். ஒருவன் வரிசையின் முன்னால் போகப் போக வியர்த்துக்கொண்டிருந்தான்.

"டேய் மெக்கானிக், எனக்கு ஒண்ணுமே ஞாபகம் வரலடா. உள்ள போய் என்ன சொல்றது?"

"இந்த மாசம் என்ன பண்ண?"

"ஒண்ணும் பண்ணல. காய்ச்சல்ல படுத்துக் கிடந்தேன்."

"அப்போ சோம்பல்னு சொல்லு."

அவன் முகத்தில் வந்த நிம்மதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். போன வேகத்தில் வெளியே வந்தான். அடுத்த மாதம் வரிசையில் பாதிப் பேர் என்னிடம் பாவம் வாங்கிக்கொண்டுதான் உள்ளே வந்தார்கள். ஆளுக்குப் பொருந்தும்படி பார்த்துத்தான் கொடுத்தேன். ஒல்லியான பையனுக்குத் தீனி ஆசை கொடுக்கவில்லை. வீட்டில் ஒற்றைப் பிள்ளையாக இருப்பவனுக்கு அண்ணனோடு சண்டை கொடுக்கவில்லை. நீங்கள் ஒருநாள் அதிபரிடம், "பசங்க இப்பல்லாம் ரொம்பத் தெளிவா, சுருக்கமாச் சொல்றாங்க, ஆத்தும சோதனை நல்லாப் பண்றாங்கபோல" என்று சொன்னீர்களாம். கேட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது. பெருமை ஒரு பாவம் என்பதால் அதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள்.

சந்தேகத்தைக் கண்டுபிடித்தது தற்செயலாகத்தான். ஒரு முதல் வெள்ளியில் நான் இதே இடத்தில் முழங்காலிட்டு, பூசையில் அப்பம் எந்தச் சொல்லில் கிறிஸ்துவின் உடலாக மாறுகிறது, பாதிச் சொல்லில் குருவானவருக்குத் தும்மல் வந்தால் என்ன நிலைமை என்று கேட்டேன். எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். நீங்களோ அதை விசுவாசத்தில் வந்த சந்தேகம் என்று எடுத்துக்கொண்டீர்கள். என்னை விடவே இல்லை. உங்கள் குருமட நாட்களைச் சொன்னீர்கள், நீங்கள் கலங்கிய ஒரு காலத்தைச் சொன்னீர்கள். நான் வெளியே வந்தபோது மைதானத்தில் வலையை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றுதான் எனக்குப் புரிந்தது. உங்களிடம் எல்லாப் பாவத்துக்கும் ஒரு முடிவு உண்டு, சந்தேகத்துக்கு மட்டும் இல்லை.

எங்கள் பிரிவுக்கும் பக்கத்துப் பிரிவுக்கும் இறுதிப் போட்டி ஒரு முதல் வெள்ளியில் வந்து அமைந்தது. அதற்கு நான் பொறுப்பில்லை. பக்கத்துப் பிரிவின் கோல்கீப்பரைக் கதவு என்று கூப்பிடுவார்கள், அவனைத் தாண்டி எதுவும் உள்ளே போகாது. கதவும் முன்னால் ஆடுகிற பையன்களும் வரிசையில் என் பக்கம் சாய்ந்து கேட்டார்கள்.

"மெக்கானிக், சட்டுனு முடியற மாதிரி ஒண்ணு குடு. பூட்ஸ் போடணும்."

எல்லோருக்கும் ஒரே வாக்கியம் சொல்லிக்கொடுத்தேன். "சாமி, விண்ணகம் வெறுமையா இருக்குமோன்னு தோணுது." அழகான வாக்கியம், நானே யோசித்தது. அவர்களில் ஒருவன் ஜன்னல் வழியாக மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் உள்ளே போய், மைதானம் வெறுமையாக இருக்கிறது என்று சொல்லிவிட்டானாம். அவனை மட்டும் நீங்கள் உடனே அனுப்பிவிட்டீர்கள். அந்தப் பிரிவு அன்று போட்ட ஒரே கோல் அவன் போட்டதுதான். நாங்கள் எத்தனை போட்டோம் என்று எண்ண யாருக்கும் பொறுமை இருக்கவில்லை, கதவுக்குப் பதிலாக அவர்கள் கம்பத்துக்கு நடுவில் நின்றது கணக்கு வாத்தியாரின் தம்பி.

கதவு கடைசியாகத்தான் வெளியே வந்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

"டேய், சாமி அந்தப் பக்கம் தேம்புறாருடா. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல. 'இருக்காரு ஃபாதர், கண்டிப்பா இருக்காரு, நீங்க தைரியமா இருங்க'ன்னு நான்தான் ஆறுதல் சொல்லிட்டு வந்தேன்."

அதன் பிறகு நடந்தவற்றை நான் முன்கூட்டிக் கணக்கிட்டிருக்க வேண்டும். ஒரே பிரிவில் இத்தனை பேருக்கு ஒரே நாளில், ஒரே வார்த்தைகளில் விசுவாசம் போய்விட்டது என்று நீங்கள் நம்பினீர்கள். ஏன் எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள் என்று நீங்கள் எவரையும் கேட்க முடியாது. இங்கே கேட்டது இங்கேயே முடிந்துவிட வேண்டும். எவ்வளவு அருமையான ஏற்பாடு, ஃபாதர். உள்ளே போகும், வெளியே வராது. என்ன போட்டாலும் தாங்கும்.

அந்தப் பையன்களுக்காக நீங்கள் சாப்பாட்டை விட்டது எனக்குத் தெரியாது. சமையல்காரர்தான் புலம்பினார். "சாமி தட்டை அப்படியே திருப்பி அனுப்புறாரு தம்பி. நான்தான் உப்பு ஜாஸ்தியாப் போட்டுட்டேனோ?" பாவம், அவர் அந்த வாரம் முழுக்க யாருக்கும் உப்பே போடவில்லை. நீங்கள் பீடத்தில் மயங்கி விழுந்தபோது நான்தான் பக்கத்தில் மணியோடு இருந்தேன். பட்டினி என்று டாக்டர் சொன்ன பிறகே எனக்கு விஷயம் விளங்கியது. அதற்குத் தனியாக வருந்துகிறேன். ஆனால் அதற்கு அடுத்த ஞாயிறு, இந்த வீட்டுக்குள் ஓநாய் நுழைந்திருக்கிறது என்று பிரசங்கம் செய்தீர்களே, அது கொஞ்சம் எல்லை தாண்டியதுதான். இங்கே கேட்டதன் சாயல் அதில் இருந்தது. கீழ்வகுப்புப் பிள்ளைகள் தனியாகக் கழிப்பறைக்குப் போக மறுத்தார்கள். நான் அதை யாரிடமும் பெரிதுபடுத்தவில்லை.

இருமுகிறீர்களே, தண்ணீர் கொண்டுவரட்டுமா? சரி, தொடர்கிறேன்.

மெழுகு எங்கள் பிரிவு. அவனுக்கும் பந்துக்கும் சம்பந்தமே இல்லை, பந்து அவன் பக்கம் வந்தால் வழிவிட்டு நிற்பான். பீடத்தின் மெழுகுவர்த்திகளை அவன் ஏற்றுவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நான் ஏற்றினால் திரி பிடித்துக்கொண்டதா என்று மட்டும் பார்ப்பேன். அவன் ஒவ்வொன்றுக்கும் முன்னால் கொஞ்சம் நிற்பான், யாரையோ எழுப்புவதுபோல. எதற்காக நிற்கிறாய் என்று ஒருமுறை கேட்டேன். "சும்மாதாண்டா, நல்லாருக்கு" என்றான். அதில் என்ன நடக்கிறது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. விளங்காத ஒன்று கண்ணெதிரே நடப்பது எனக்கு ஒருவிதமான எரிச்சல்.

குருமடத்துக்கு இந்தப் பள்ளியிலிருந்து வருஷத்துக்கு ஒருவரைத்தான் எடுப்பார்கள். அவனும் விண்ணப்பித்திருந்தான், நானும் விண்ணப்பித்திருந்தேன். அதிபர் அவன் தோளில் கைபோட்டு, "இவன் நம்ம பள்ளிக்கூடத்தோட காணிக்கை" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். என்னைப் பார்த்து, "நீ இன்ஜினியரிங் படிப்பா, உனக்கு அதுதான் சரி" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. இன்ஜின்கள் எனக்கு ஏற்கெனவே புரியும். இதுதான் புரியவில்லை. கடிகாரத்தை வெளியில் நின்று எத்தனை காலம் பார்ப்பது, மூடியைத் திறந்து பார்க்க வேண்டாமா. அதைத் திறந்து காட்டுகிற இடம் குருமடம் ஒன்றுதான்.

அடுத்த முதல் வெள்ளி மெழுகு வரிசையில் அழுதுகொண்டு நின்றான். அவன் எதற்கும் உருகிவிடுவான்.

"எவ்வளவு யோசிச்சாலும் பாவம் எதுவும் தெரிய மாட்டேங்குதுடா. எனக்குப் பாவமே இல்லைன்னு நெனைக்கிறது எவ்வளவு பெரிய கர்வம்?"

கர்வம் என்று சொல்லிவிட்டு வரச் சொல்லியிருக்கலாம். அவனே எடுத்துக்கொடுத்துவிட்டான். ஆனால் நான் அவனிடம் விண்ணகம் பற்றிய வாக்கியத்தைச் சொன்னேன்.

"எனக்கு அப்படியெல்லாம் தோணலையேடா. சந்தேகமே இல்லையே."

"சந்தேகமே இல்லைன்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

வேறு எவனாக இருந்தாலும் தெரியும் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பான். இவன் சுவரில் சாய்ந்து நின்று உண்மையிலேயே யோசித்தான். அவனுக்குப் பின்னால் நின்ற நாலைந்து பேரை நான் முன்னால் அனுப்ப வேண்டியதாயிற்று. கடைசியில் என்னைப் பார்த்தான். "தெரியலடா" என்றான். பிறகு உள்ளே வந்தான்.

அன்று போட்டி எதுவும் இல்லை, ஃபாதர். மைதானத்தில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அதை நான் சொல்லாமல் விட்டால் இந்தப் பாவசங்கீர்த்தனம் முழுமையாகாது.

அவனிடம் ஒரு தடித்த புத்தகத்தை வாசிக்கச் சொன்னீர்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னீர்கள். கடவுளை மறுப்பவர்களின் கேள்விகள், அவற்றுக்குத் திருச்சபையின் பதில்கள். அந்தப் புத்தகத்தின் அமைப்பில் ஒரு கோளாறு உண்டு, நீங்கள் கவனித்தீர்களோ என்னவோ. கேள்விகள் ஒவ்வொன்றும் நாலு வரி, கத்தி மாதிரி இருக்கும். பதில்கள் பக்கம் பக்கமாக, நடுவில் லத்தீனில் சிக்கி நிற்கும். மெழுகு மாலைப் படிப்பு வேளையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இது புரியல, கொஞ்சம் சொல்லுடா" என்று கேட்டான். யாராவது புரியவில்லை என்று கேட்டால் என்னால் சும்மா இருக்க முடியாது. ஒவ்வொரு கேள்வியையும் எடுத்து, உதாரணம் சொல்லி, படம் போட்டு, அவனுக்கு நன்றாக விளங்கும்வரை சொல்லிக்கொடுத்தேன். பதில்களுக்கு வருவதற்குள் தினமும் மணி அடித்துவிட்டது.

மெழுகுவர்த்தி ஏற்றும்போது அவன் நிற்பது குறைந்தது. பிறகு நிற்பதே இல்லை. திரி பிடித்ததா என்று பார்த்துவிட்டு இறங்கினான், என்னைப் போலவே. அன்று எனக்கு வந்தது சந்தோஷமா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இல்லை. ஒரு கணக்குக்கு விடை சரியாக வந்ததைப் பார்க்கும்போது வருமே, அதுதான்.

குருமடத்திலிருந்து நேர்காணலுக்கு வந்திருந்தவர் அவனிடம் எல்லோரையும் கேட்பதைத்தான் கேட்டார். ஏன் குருவாக விரும்புகிறாய்? அதற்கு எல்லோரும் சொல்லும் பதில் ஒன்று இருக்கிறது, நானும் அதைத்தான் சொன்னேன். மெழுகோ, "ஃபாதர், நான் நம்புறேனான்னே எனக்கு இப்போ தெரியல, நம்பாம வந்தா அது பொய்யாயிடும்" என்று சொல்லிவிட்டானாம். அதிபருக்கு முகம் வெளுத்துவிட்டது. பட்டியலில் அடுத்த பெயர் என்னுடையது. மெழுகை அவர் கோபத்தில் ஒன்றும் செய்யவில்லை. மற்ற பையன்களுக்குத் தொற்றிவிடக் கூடாது, கொஞ்ச நாள் வீட்டில் இருக்கட்டும் என்றார். கொஞ்ச நாள் என்றால் என்ன அர்த்தம் என்று பெட்டியைப் பார்த்தாலே தெரிகிறது.

இங்கே வருவதற்கு முன் அவன் அம்மா என்னை வராந்தாவில் நிறுத்தினார். தையல் வேலை செய்கிறவர், விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தடம். என் கையை அந்த விரல்களால் பிடித்துக்கொண்டு, "நீதானப்பா அவனுக்கு உயிர்த்தோழன். வாய் ஓயாம உன்னப் பத்தித்தான் சொல்லுவான். என்னப்பா ஆச்சு எம்புள்ளைக்கு?" என்று கேட்டார். அவன் நிறைய வாசித்துவிட்டான் அம்மா என்று சொன்னேன். பொய் இல்லை.

மெழுகும் அங்கேதான் நின்றான். அழவில்லை. "நீ போறதுதாண்டா நல்லது. நீயாவது நம்புறியே" என்று சொல்லித் தன் ஜெபமாலையை என்னிடம் கொடுத்தான். இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது.

அதிபரிடம் போய்ச் சொல்லச் சொல்கிறீர்கள். யோசித்தேன், ஃபாதர். நேற்று சாப்பாட்டு அறை வாசலில் என்னை நிறுத்தி, "தம்பி, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும், சாயங்காலம் வா" என்றீர்கள் அல்லவா. வாக்கியம் எங்கிருந்து கிளம்பியது என்று நீங்கள் ஊகித்துவிட்டீர்கள் என்று அப்போதே புரிந்தது. சாயங்காலம் நான் வரவில்லை. வந்து அங்கே பதில் சொன்னால் அது தகவல். இங்கே முழங்காலிட்டுச் சொன்னால் அது பாவம். தகவல் அதிபர் அறைக்குப் போகும். பாவம் எங்கேயும் போகாது. இனி நீங்கள் என்னைப் பற்றி அவரிடம் நல்லதும் சொல்ல முடியாது, கெட்டதும் சொல்ல முடியாது. உங்களுக்கு மனச்சுமை வேண்டாம் என்றுதான் இப்படிச் செய்தேன்.

மெழுகிடமாவது உண்மையைச் சொல் என்கிறீர்கள். சொன்னால் அவன் என்னை மன்னித்துவிடுவான், ஃபாதர். அவனை எனக்குத் தெரியும். மன்னித்த வேகத்தில் அவனுக்கு நம்பிக்கை திரும்பினாலும் திரும்பிவிடும். இருப்பது ஒரு இடம்தானே.

அது வண்டிச் சத்தம். திரும்புகிறது. போய்விட்டது. மன்னியுங்கள், ஒன்றை விளக்க ஆரம்பித்தால் நேரம் போவதே எனக்குத் தெரிவதில்லை. நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், இன்னும் பாவமன்னிப்பு பாக்கி இருக்கிறது. மனஸ்தாப மந்திரம் எனக்குத் தமிழிலும் தெரியும், லத்தீனிலும் தெரியும். எதில் சொல்லட்டும்?

என்ன ஃபாதர்? சரியாகக் கேட்கவில்லை.

நான் நம்புகிறேனா என்றா கேட்கிறீர்கள்?

விண்ணப்பத்தில் அந்தக் கேள்வி இல்லை. நேர்காணலுக்கு வந்தவரும் மெழுகின் பதிலைக் கேட்டுப் பயந்துபோய் என்னிடம் அந்தப் பக்கமே போகவில்லை. அதனால் நான் அதைத் தயார் செய்யவில்லை. ஆனால் குருமடத்தில் பல வருஷப் படிப்பு, எல்லாவற்றையும் அடியிலிருந்து சொல்லிக்கொடுப்பார்கள் என்கிறார்கள். ஏதாவது ஒரு வருஷத்தில் அந்தப் பாடமும் வராமலா போய்விடும்? அன்றைக்கு நான் முதல் பெஞ்சில் உட்கார்ந்து கவனமாகக் கேட்டுக்கொள்கிறேன், ஃபாதர்.